எல்லாப்பிரகட சுப்பாராவ்

கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் 1935ஆம் ஆண்டளவில் தம் நிலத்திற் கிணறு தோண்டுவித்தபோது நீரோடு கரிய பொருள் ஒன்றும் வெளிப்பட்டது. அது பழுப்பு நிலக்கரி என்பது தெளியப்பட்டு, 1956இல் நிறுவனம் அமைந்து, மேல்மண் மலைமலையாக அகற்றப்பட்டு, 1961இல் நிலக்கரி கைக்கெட்டி, 1962இல் அதனின்று மின்னாற்றல் பிறக்குங்காறும் கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டியதாயிற்று. முதற்கண் கண்டவர் ஒருவர்; கண்டதை மக்களுக்குப் பயன்படச் செய்தவர் பல்லாயிரவர். மருந்துகளின் வரலாறும் ஏறக்குறைய இத்தகையதே. கருவுற்ற தாய்க்குக் குருதி ஊறும் பொருட்டுச் செவிலி அளிக்கும் மாத்திரையிலும், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைக்கு ஏற்றும் மஞ்சள் நிற மருந்திலும், கடலூர்க் கரையோர ஊர்களில் யானைக்கால் நோயைத் தடுக்க வீடுதோறும் வழங்கப்பெற்ற வில்லையிலும் பலருடைய உழைப்பு மறைந்து கிடக்கின்றது. அம்மூன்றனோடும் தொடர்புடைய ஒருவர் உண்டு. அவர் சென்னையில் மருத்துவம் பயின்றவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் பெயரினர்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தையார் நோயுற்றமையால் குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. பதின்மூன்று வயதளவில் அவர், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் எனக் கருதி, ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் புறப்பட்டார். தாயார் அவரை மீட்டுக் கொணர்ந்து மீண்டும் பள்ளியில் அமர்த்தினார். படிப்பிலும் அவர் தொடக்கத்திற் சிறந்து விளங்கினார் அல்லர். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறையே வெற்றி பெற்றார். இக்காலத்து மாணவர் ஒருவர் இருமுறை தவறினால் உற்றாரும் மற்றாரும் என்ன சொல்வர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாநிலக் கல்லூரியிற் பயின்ற காலத்தில் அவர் உள்ளம் துறவில் நாட்டங் கொண்டது. இராமகிருஷ்ணர் பெயரால் அமைந்த அறநிலையத்திற் சேர்ந்து துறவியாக விழைந்தார். தாயார் அதற்கு இசையவில்லை. ஆகவே, பிணியாளர்க்குத் தொண்டு செய்யும் வழி இதுவெனத் தேர்ந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அந்நாளில் காந்தியடிகளின் அறைகூவல் நாடெங்கும் ஒலித்தது. சுப்பாராவ் அறுவை மருத்துவக் கூடத்திற்குக் கதராலாகிய மேலங்கியை அணிந்து சென்றார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதன் பயனாக, தேர்வில் எல்லாப் பாடங்களையும் நன்கு எழுதியும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கைகூடவில்லை. சென்னையில் இருந்த ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். அடைபட்ட வழியே அவருக்கு வேறொரு வழியைத் திறந்தது. ஆயினும் அதனை அவர் அப்போது அறிந்திருத்தற்கில்லை.

அவர் வாழ்வைத் திசை திருப்பியது ஒரு நோய். மேனாட்டு மருத்துவர் ஸ்புரூ எனப் பெயரிட்டதும், நம் நாட்டு மருத்துவ நூல்கள் கிராணி என்னும் வகையுள் அடக்குவதுமாகிய கொடிய குடல்நோய் அது. அந்நோயுற்றார்க்கு வாயும் நாவும் புண்ணாகும்; உண்டது உடலிற் சேராது பேதியாகக் கழியும்; குருதி வற்றும்; உடல் எலும்புந் தோலுமாகும். சுப்பாராவின் தமையனாரும் தம்பியும் சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இந்நோய்க்கு இரையாயினர். மருத்துவம் கற்ற சகோதரர் உடனிருந்தும் அவர்களைக் காக்க இயலவில்லை; அந்நாளில் அதற்குரிய மருந்து மேனாட்டு மருத்துவத்தில் இருந்ததில்லை. பின்னர் அவரையும் அதே நோய் பற்றியது. ஆசண்ட லட்சுமிபதி என்னும் ஆயுர்வேத மருத்துவரின் மருந்தால் அவர் உயிர் பிழைத்தார். பிழைத்தவர் மகிழ்ந்து அமைந்துவிடவில்லை. மருந்தினுள் இருந்து நோயைத் தீர்த்த பொருள் யாது, அது உடலில் எங்ஙனம் தொழிற்படுகின்றது என்னும் வினா அவரை விடாது பற்றிக்கொண்டது. அறச்சாலை ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் பெற்று, இளமனைவியைத் தாய்நாட்டில் விட்டு, கடல் கடந்து 1923ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அங்கே ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்கள் பற்றிய கல்விக்கு இடங் கிடைத்தது, ஊதியம் கிடைக்கவில்லை. இந்திய மருத்துவப் பட்டம் கொண்டு அந்நாட்டில் மருத்துவத் தொழில் புரியவும் இயலாது. ஆதலால் அவர் மருத்துவமனை ஒன்றில் இரவு ஏவலராகச் சேர்ந்து, நோயாளர்களின் கழிகலங்களைத் தூய்மை செய்தார். பகலில் ஆய்வுக்கூடம், இரவில் இப்பணி என நாட்கள் கழிந்தன. அவர் கப்பலேறிய பின்னர்ப் பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்ட செய்தி கடிதத்தின் வாயிலாக வந்து சேர்ந்தது. அம்மகனின் முகத்தை அவர் கண்டதே இல்லை.

பின்னர் அவர் உயிர்வேதியியற் பகுதியிற் சேர்ந்து, சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரோடு ஆய்வு நிகழ்த்தினார். குருதியிலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எத்துணை அளவு உள்ளது என்பதை நீலநிறத்தின் செறிவைக் கொண்டு எளிதிற் கணக்கிடும் முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். பிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. 1927இல் தசையினுள் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருள் உண்டு என்பதைக் கண்டனர். தசை சுருங்குதற்குரிய ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்பது பற்றி அதுகாறும் நிலவிய கொள்கையை இது அசைத்தது. உயிரணுக்களின் ஆற்றற் செலாவணி போல விளங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டு என்னும் பொருளையும் அவர்கள் 1929இல் பிரித்தறிந்தனர்; அதே காலத்தில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் லோமானும் தனித்து அதனைக் கண்டார். இத்தனைக்குப் பின்னும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி அளிக்கப்படவில்லை. 1940இல் அவர் நியூயார்க்கு மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். விரைவில் ஆய்வுப் பகுதி முழுவதற்கும் தலைவரானார்.

இனி, மருந்து ஒன்று பிறக்கும் வகையைக் காண்போம். இரத்தச் சோகை நோய் சிலவற்றிற்குக் கல்லீரலை உண்பித்தால் குணங் காணலாம் என்பது 1926இல் பாஸ்டனில் மைனாட்டு, மர்பி ஆகியோரால் அறியப்பட்டது. பம்பாயில் நெசவாலைகளிற் பணியாற்றிய கருவுற்ற மகளிர் பலர் கடுஞ்சோகையால் வருந்துவதைக் கண்ட லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். ஈரலிலும் ஈஸ்ட்டிலும் நோய் தீர்க்கும் ஏதோ ஒன்று உண்டு என்பது இவற்றால் விளங்கிற்று. ஆயின் அந்த ஏதோ ஒன்று யாது? ஈரற் சாற்றில் பொருள்கள் பல நூறு கலந்துள்ளன. அவற்றைப் பல பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். பிரித்த பகுதிகளுள் எதில் மருந்து நிற்கின்றது என அறிதல் வேண்டும். மீண்டும் அப்பகுதியைப் பிரித்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளியிடம் சென்று சோதித்தல் இயலுவதோ? இயலாது. இதற்கு ஒரு நுண்ணுயிர் துணை செய்தது. பாலில் வாழும் பாக்டீரியா ஒன்று அப்பொருள் இன்றேல் வளராது. அப்பொருள் மிகுந்தால் மிக வளரும். எனவே ஆய்வாளர்கள் ஒவ்வொரு பகுதியையும் அந்நுண்ணுயிர்க்கு உணவாகக் கொடுத்து, அதன் வளர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டனர். பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக் கல்லாக ஒரு கிருமி நின்றது என்னலாம்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் பசலை வகைக் கீரையைப் பிழிந்து அப்பொருளைச் செறிவாகப் பெற்று, 1941இல் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. நான்கு டன் கீரைக்குக் கிடைத்ததோ மிகச் சிறு அளவு. இங்ஙனம் எடுத்தால் ஒரு மருத்துவமனைக்கும் போதாது. பொருளின் அமைப்பை முற்ற அறிந்து, அதனை வேதியியல் முறையால் செய்து பெறுதலே வழி. சுப்பாராவின் கீழ் இருந்த வேதியியலார், நுண்ணுயிரியலார் எனப் பலர் கூடி 1945இல் அதனைச் செய்து முடித்தனர். அவ்வாண்டே மருத்துவர்கள் அதனை ஸ்புரூ நோயுற்றார்க்கு அளித்தனர். நாப்புண் ஆறியது, குருதி ஊறியது, பசி மீண்டது. சுப்பாராவின் சகோதரர் இருவரையும் கொண்டுசென்ற நோய்க்கு மருந்து கிடைத்தது. அவர்கள் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அவ்வெற்றியை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் சுப்பாராவின் பெயர் பலர் பெயர்களுக்கு நடுவே ஒன்றாக நின்றது. தம்மிடம் பணி செய்வோரை முன்னிறுத்தித் தாம் பின்னே நிற்றல் அவருடைய இயல்பு.

எனினும் ஒன்று கூறாமல் விடலாகாது. சுப்பாராவ் ஈரலில் பல்லாண்டு தேடிய பொருள் இது அன்று. உயிர்கொல்லிச் சோகை எனப்படும் நோயைத் தீர்ப்பதையே அவர் தேடினார். ஃபோலிக் அமிலம் அந்நோயாளியின் குருதியைத் திருத்தும். ஆனால் அவருடைய நரம்புகள் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். நோய் தீர்ந்தது போலத் தோன்றித் தீங்கு வளர்தலின், இதனை மருத்துவரும் செவிலியரும் இன்றும் நினைவிற் கொள்கின்றனர். உரிய பொருளாகிய வைட்டமின் பி12 என்பதனை 1948இல் வேறு ஆய்வுக்கூடங்கள் இரண்டு பிரித்தெடுத்தன.

ஒரு மருந்திலிருந்து அதற்கு நேர்மாறான மருந்து பிறந்த வரலாறு இதனினும் வியப்புடையது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றுநோயால் சில வாரங்களில் மடியும் குழந்தைகளைக் கண்டு வருந்தியவர். ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த பொருள்களைச் சுப்பாராவிடமிருந்து பெற்று அவர் அளித்துப் பார்த்தார். நோய் குறைவதற்கு மாறாக விரைந்து பெருகுவதாகத் தோன்றிற்று. துன்பந் தரும் இவ்விளைவிலிருந்தே அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. ஃபோலிக் அமிலம் புற்றணுக்களை வளர்க்குமாயின், அதனைத் தடுத்தால் அவை மடியும் அன்றோ? சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் ஒரு சிறு மாற்றஞ் செய்து அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கியிருந்தனர். பூட்டிற்குள் நுழைந்தும் திறவாமல் அதனை அடைத்துக்கொள்ளும் பொய்ச்சாவி போன்றது அது. ஃபோலிக் அமிலம் சென்று சேர வேண்டிய இடத்தை இது பற்றிக்கொள்ளும்; அணு பெருக இயலாது நிற்கும். 1947ஆம் ஆண்டின் இறுதியில் ஃபார்பர் இதனைக் குழந்தைகட்கு அளிக்கத் தொடங்கினார். 1948 சூனில் வெளிவந்த அவருடைய அறிக்கை பதினாறு குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் பத்துக் குழந்தைகளிடம் நோய் தணிந்தது. இரத்தப் புற்றுநோய் ஒரு மருந்துக்கு அடிபணிந்ததை மருத்துவ உலகம் ஐயத்தோடு நோக்கிற்று. அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் மீண்டது. இருப்பினும் அடைபட்டிருந்த கதவில் ஒரு கீற்று ஒளி நுழைந்தது.

அமினோப்டெரினுக்கு உடன்பிறந்தது போன்ற மெத்தோட்ரெக்சேட்டு என்னும் மருந்தும் அதே ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. நச்சுத்தன்மை ஓரளவு அடங்கியதாதலின் பின்னர் இதுவே நிலைபெற்றது. வேறு மருந்துகளோடு சேர்த்து அளிக்கப்பெற்று, இக்காலத்தில் உரிய மருத்துவம் பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோர் பிழைக்கத் துணை நிற்கின்றது. மூட்டுவாதத்திற்கும் இது மருந்தாகும். ஆயின் சிறு அளவில் வாரத்திற்கு ஒருமுறையே கொடுக்கப்படும். நாள்தோறும் உண்ண வேண்டியது எனத் தவறாக எண்ணி உண்டவர்கள் உயிரிழந்தமையும் உண்டு. மருந்துச் சீட்டில் கிழமையின் பெயரைச் செவிலியர் தெளிவாக எழுதுவதும் இருமுறை சொல்வதும் இதனாலேதான். இம்மருந்து மிகுந்தால் முதலில் தோன்றும் அடையாளங்களுள் ஒன்று வாய்ப்புண். ஃபோலிக் அமிலம் இன்மையால் ஸ்புரூ நோயாளியின் நாவைப் புண்ணாக்கிய அதே குறை, இங்கே மருந்தின் வாயிலாக வருகின்றது.

மூன்றாவது மருந்து நம் கரையோர ஊர்களுக்கு மிக நெருங்கியது. இரண்டாம் உலகப்போரின்போது பசிபிக்குத் தீவுகளிற் போரிட்ட அமெரிக்கப் படைஞர் பலரை யானைக்கால் நோயின் புழுக்கள் பற்றின. கொசுவின் வாயிலாக மனிதனுட் புகும் நூல் போன்ற புழுக்கள் அவை. அவற்றின் நுண்குஞ்சுகள் இரவில் குருதியில் உலவும். நம் ஊர்களிற் சுகாதாரப் பணியாளர் இரவு நேரத்தில் வந்து விரல் நுனியிற் குருதி எடுத்தமைக்குக் காரணம் இதுவே. லெடர்லியில் ஹியூவிட்டு முதலியோர், பருத்திக்காட்டு எலிகளிடம் இதனையொத்த புழு வாழ்வதைப் பயன்படுத்தி, பொருள் பலவற்றை ஒவ்வொன்றாக அவ்வெலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். பெரும்பாலானவை பயன்படவில்லை. பயன்பட்டவற்றுள்ளும் சில நஞ்சாயின. எஞ்சியதை நாய்களிடம் சோதித்து, பின்னரே போர்ட்டோ ரிக்கோத் தீவில் நோயாளர்க்கு அளித்தனர். 1947இல் வெளிப்பட்ட அம்மருந்தே ஹெட்ராசான் என்னும் டையெத்தில்கார்பமசின். குருதியில் உலவும் நுண்குஞ்சுகளை அது விரைந்து அழிக்கும். முன்னரே வீங்கி யானையின் கால் போலாகிவிட்ட காலைப் பழையபடி ஆக்க அதனால் இயலாது. ஆதலின் வீங்கிய பின் உண்பதினும், குருதியிற் குஞ்சுகள் இல்லாதபடி ஊரார் அனைவரும் ஒருங்கே உண்பதே பெரும்பயன் தரும். நோயற்றவர்க்கு ஏன் மருந்து என்று வில்லையை வாங்கி வைத்துக்கொண்டு உண்ணாமல் விட்டவர் பலர். அவர்களுக்கு விளக்கி, கண்ணெதிரே விழுங்கச் செய்தல் சுகாதாரச் செவிலியரின் கடுந்தொண்டாயிற்று. 2004 முதல் இந்தியாவில் இந்நோய் நிலவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை இங்ஙனம் மருந்து வழங்கும் திட்டம் நடைபெறலாயிற்று.

எலியிலிருந்து நோயாளிக்கு மருந்து வந்து சேரும் வழி இன்று மேலும் நீண்டுள்ளது. விலங்குகளிடம் சோதித்த பின், பெரும்பாலும் நலமுடைய சிலர் தாமே இசைந்து உண்டு, எவ்வளவு தாங்கும் என்பது அறியப்படும். அடுத்து நோயாளர் சிலர். அதற்கடுத்து நோயாளர் பலர், இம்மருந்து பெற்றோர் ஒருபாலும் பெறாதோர் ஒருபாலுமாக ஒப்பிடப்படுவர். தொடங்கியவற்றுட் பெரும்பாலானவை இவ்வழியிலேயே உதிர்ந்துவிடும். விற்பனைக்கு வந்த பின்னரும் தீய விளைவுகள் குறிக்கப்படும். நோயாளியின் படுக்கையருகே இரவில் விழித்திருந்து வெப்பமும் நாடியும் குறிக்கும் செவிலியின் கையெழுத்து அக்குறிப்பில் முதன்மையானது.

சுப்பாராவ் எழுபது வயதைக் கடந்த ஒரு தாவரவியல் அறிஞரையும் தம் கூடத்திற் பணியில் அமர்த்தினார். பெஞ்சமின் டக்கர் என்னும் அம்முதியவர் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுள் மருந்து சுரப்பவை உண்டோ எனத் தேடுதல் அவர் பணி. பல இடங்களிலிருந்து மண் வந்து குவிந்தது. மிசௌரி மாநிலத்துச் சான்பர்ன் வயலிலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான உயிர் ஒன்றை 1945இல் அவர் கண்டார். அதனின்று கிடைத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளுள் முதலாவது. 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் பலவற்றையும் அது அடக்கிற்று. ஏனையோர் ஓய்வெடுக்கட்டும் என்று விட்ட முதியவரை அழைத்துப் பணி கொடுத்தவர் சுப்பாராவ் என்பதைப் பலர் அறியார்.

1948 ஆகஸ்டுத் திங்களில் ஒருநாள் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் காலையில் எழவில்லை. அவருக்கு அப்போது வயது 53. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாட்டிற்குத் திரும்பியவர் அல்லர்; அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றாரல்லர். அவருடைய மனைவி இந்தியாவிலேயே காத்திருந்தார். 1953இல் பூஞ்சை இனம் ஒன்றிற்குச் சுப்பாரோமைசிஸ் என அறிவியலார் பெயரிட்டனர். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் இந்திய அஞ்சல்துறை அவருடைய உருவம் பொறித்த அஞ்சல்தலை ஒன்றை வெளியிட்டது.